குழந்தையின் அறிவியல் கேள்விக்குக் கோலாலம்பூர் வானத்தைக் காட்டிப் பதில் சொல்வது எப்படி?

கேள்வி இதுதான்: “மகளுக்கு 7 வயது. கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. ‘வானம் ஏன் நீலமா இருக்கு?’, ‘இடி ஏன் சாயங்காலமே வருது?’, ‘பத்துமலைக் குகையை யாரு தோண்டுனா?’, ‘நமக்கு ஏன் பனி பெய்யல?’, ‘பல்லி ஏன் விழல?’ என்று ஓயாமல் கேட்கிறாள். கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன். தலையாட்டுகிறாள், மறுநாள் அதே கேள்வியைக் கேட்கிறாள். எப்படிச் சொன்னால் பிடிபடும்?”

தேடிக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் சரியானவை. ஆனால் அவை லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கும் குழந்தைக்காக எழுதப்பட்டவை. நான்கு பருவங்கள், மதியம் வடக்கே விழும் நிழல், நிமிர்ந்து நிற்கும் பிறைநிலா, பளிச்சென்ற நீல வானம் எல்லாம் அங்கே ஜன்னலைத் திறந்தால் தெரியும். கோலாலம்பூர் இருப்பது பூமத்திய ரேகைக்கு மூன்று பாகை வடக்கே. இங்கே ஜன்னலைத் திறந்தால் வேறொன்று தெரிகிறது. கேட்டதும் கண்டதும் ஒட்டாதபோது குழந்தை கண்டதைத்தான் நம்பும், நம்பவும் வேண்டும். அதனால் செந்தூலில் நின்று பார்த்துச் சரிபார்க்க முடிகிற பதிலாகச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

பதில் சொல்வதற்கு முன் “நீ என்னம்மா நினைக்கிற?” என்று ஒருமுறை கேளுங்கள். ‘இடி எங்கிருந்து வருது?’ என்பவள் பயத்தில் கேட்கலாம், நம் வீட்டில் விழுமா என்று தெரிந்துகொள்ளக் கேட்கலாம், மேகம் மோதுகிறது என்று யாரோ சொன்னதைச் சோதிக்கக் கேட்கலாம். மூன்றுக்கும் பதில் வேறு. அவள் சொல்லும் தவறான காரணத்தை உடனே திருத்தவும் வேண்டாம். அதைச் சோதித்துப் பார்க்கிற மாதிரி ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் போதும்.

பனிக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ‘நாம் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், அதனால் சூடு’ என்பது பல வீடுகளில் சொல்லப்படும் பதில். அது தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14 கோடியே 70 லட்சம் கிலோமீட்டரில். ஐரோப்பாவில் பனி பெய்யும் நேரம் அதுதான். உண்மையான காரணம், நம் தலைக்கு மேலே சூரியன் ஆண்டு முழுக்க உயரத்திலேயே நிற்பது. இதை நிழலை அளந்தே காட்டிவிடலாம்.

ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து மணல் நிரப்பிய வாளியில் நட்டு வையுங்கள். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கட்டை செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளம் நல்ல இடம். ஆனால் மழைநீர் வடிவதற்காக அந்தத் தளம் சற்றுச் சரிவாக இருக்கும், தட்டையான இடமாகத் தேட வேண்டும். மதியம் 12.45 முதல் 1.45 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம்தான் உண்மையான நண்பகல்.

அது 12 மணிக்கு வராது. கோலாலம்பூரில் சராசரியாக 1.13ஐ ஒட்டி வரும். நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்குச் சற்று முன்பாகவும், பிப்ரவரியில் கிட்டத்தட்ட 1.27க்கும் வரும். இதற்குக் காரணம் கடிகாரம். மலேசிய நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்க ரேகைக்கு உரியது, நாம் இருப்பதோ 101.7 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 73 நிமிட வித்தியாசம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக்கோடு ஒத்துப்போக அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போது ஏன் இருட்டாக இருக்கிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை.

ஜூன் 21ஐ ஒட்டி அளந்தால் ஒரு மீட்டர் கட்டையின் நண்பகல் நிழல் சுமார் 37 சென்டிமீட்டர் இருக்கும், தெற்கே விழும். டிசம்பர் 21ஐ ஒட்டி அளந்தால் சுமார் 50 சென்டிமீட்டர், வடக்கே விழும். ‘நண்பகல் நிழல் வடக்கே விழும்’ என்று ஏதாவது புத்தகத்தில் இருந்தால், கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்குத்தான் அது ஆண்டு முழுவதும் பொருந்தும். திசை பார்க்கக் கைப்பேசியின் திசைகாட்டியை நம்பாதீர்கள். கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதைத் திருப்பிவிடும். குட்டை நிழலின் புள்ளியையும் கட்டையின் அடியையும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். வடக்கு தெற்கு அந்தக் கோட்டிலேயே கிடைக்கும்.

இவ்வளவு பொறுமை இல்லாத பிள்ளைக்கு ஆண்டில் இரண்டு நாள் இருக்கின்றன: மார்ச் 28, செப்டம்பர் 15. ஒரு நாள் முன்பின் ஆகலாம். அன்று நண்பகலில் சூரியன் கோலாலம்பூருக்கு நேர் மேலே நிற்கும். மார்ச்சில் 1.18க்கும் செப்டம்பரில் 1.08க்கும் ஒரு மைலோ டின்னைத் தட்டையான தரையில் வையுங்கள், நிழல் டின்னின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மேகம் மறைத்தால் மறுநாள் பார்க்கலாம். ஒரு நாள் தள்ளினால் ஒரு மீட்டர் கட்டைக்கே நிழல் 7 மில்லிமீட்டர் அளவுதான் மாறும், டின்னில் அது தெரியவே தெரியாது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நிழலைப் பார்ப்பதுதான் வேலை.

இப்போது அவளிடம் சொல்லலாம்: டிசம்பரில்கூட நம் நிழல் நம் உயரத்தில் பாதிதான். லண்டனில் அந்த நாளில் நண்பகல் நிழல் ஆளைவிட மூன்று மடங்குக்கு மேல் நீளும். சூரியன் அவ்வளவு தாழ்வாக, சாய்வாக வெயில் அடிக்கும் இடத்தில் தரை சூடேறாது. பகலும் அங்கே எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. நமக்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் இருபது நிமிடத்தை ஒட்டியதுதான்.

வானத்தின் நீலத்துக்கு வருவோம். இங்கேதான் பெற்றோர் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் வானம் பல நாள் நீலமாகவே இருப்பதில்லை. வெளுத்துக் கிடக்கும். ‘வானம் ஏன் நீலம்?’ என்று புத்தகம் பார்த்துக் கேட்ட பிள்ளை அடுத்து ‘அப்ப நம்ம வானம் ஏன் வெள்ளை?’ என்று கேட்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் டப்பா வீட்டில் இருக்கும். அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி அறையை நன்றாக இருட்டாக்குங்கள். டப்பாவின் ஒரு பக்கத்தில் டார்ச்சை ஒட்டிப் பிடித்துக்கொண்டு, பாலை அரைத் தேக்கரண்டி ஊற்றிக் கலக்குங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் தண்ணீரில் மெல்லிய நீலச் சாயல். எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச்சைப் பார்த்தால் மஞ்சள், இன்னும் அரைக் கரண்டி சேர்த்தால் ஆரஞ்சு. கைப்பேசியின் டார்ச் போதும். ஆனால் அதன் வெளிச்சமே கொஞ்சம் நீலம் கலந்தது, மஞ்சள் ஒளி தரும் டார்ச் கிடைத்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். டப்பா சின்னதாக இருந்தால் ஆரஞ்சு நிறம் வராது. ஒளி போதுமான தூரம் பயணம் செய்ய வேண்டும்.

நடப்பது என்ன? சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. ஒளி காற்றுக்குள் புகும்போது அதிலுள்ள மிகச் சிறிய மூலக்கூறுகள் நீலத்தைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. சிதறிய நீலம் எல்லாப் பக்கத்திலிருந்தும் கண்ணுக்கு வந்து சேர்கிறது. மாலையில் ஒளி அதிகக் காற்றைக் கடந்து வரும்போது நீலம் வழியிலேயே சிதறிப்போய்ச் சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சுகின்றன. ‘ஊதா இன்னும் அதிகம் சிதறுமே?’ என்று பெரிய பிள்ளைகள் மடக்குவார்கள். சிதறும்தான். ஆனால் சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணும் ஊதாவை அவ்வளவாக உணராது.

இந்தச் சோதனை கெட்டுப்போவது எப்போதும் ஒரே காரணத்தால்தான்: பால் அதிகமாகிவிடும். ஆகட்டும், கொட்டிவிடாதீர்கள். இன்னும் மூன்று நான்கு கரண்டி ஊற்றுங்கள். நீலம் மறைந்து எல்லாம் வெள்ளையாகிவிடும். கோலாலம்பூர் வானத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதேதான். ஈரப்பதத்தால் உப்பிய தூசி, புகை, நீர்த்துளி எல்லாம் காற்று மூலக்கூறுகளைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கின்றன, எல்லாம் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. பெருமழை கொட்டி ஓய்ந்தபின் மறுநாள் காலை வானம் நீலமாக இருப்பது, மழை அந்தத் துகள்களைக் கழுவிவிட்டதால். சுமத்ராவில் காடும் கரிமண் நிலமும் எரிந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் இதை ஒரு தொடர் வேலையாகவே செய்யலாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்ணை ஒரு பக்கமும் அன்றைய வானத்தின் நிறத்தை மறுபக்கமும் அவளே நோட்டில் எழுதட்டும். எண் 100ஐத் தாண்டினால் காற்று உடலுக்கு நல்லதல்ல, ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதினால் போதும்.

இடிக்கு வருவோம். இடி இடித்தால் ‘அர்ஜுனா, அர்ஜுனா’ என்று சொல்லும் பாட்டி வீட்டில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பாட்டியை மறுத்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை, அவர் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மின்னல் தெரிந்ததும் ‘ஓர் அர்ஜுனா, ரெண்டு அர்ஜுனா, மூணு அர்ஜுனா’ என்று நிதானமாக எண்ணச் சொல்லுங்கள். சுவர்க் கடிகாரத்தோடு வைத்து ஒருமுறை பழகினால் ஓர் அர்ஜுனாவுக்கு ஒரு விநாடி என்று அமைந்துவிடும். இடி கேட்டதும் நிறுத்தி மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு 350 மீட்டரை ஒட்டிய வேகத்தில் போகிறது. ஒளி வந்துசேர நேரமே ஆவதில்லை. அமெரிக்கக் காணொளிகளில் ‘ஐந்தால் வகு’ என்பார்கள், அது மைல் கணக்கு. அதைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் 3 கிலோமீட்டரில் விழுந்த மின்னலை 1.8 என்று சொல்வாள்.

இந்தக் கணக்கின் பயன் பாதுகாப்பு. எண்ணிக்கை முப்பதை எட்டுவதற்குள் இடி கேட்டால், திடலில் விளையாடுவதை நிறுத்தி உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே போகக் கூடாது. மரத்தடியில் ஒதுங்குவது மழைக்கு மட்டும்தான் சரி.

மாலையில் ஏன்? காலை முழுவதும் தரை சூடேறுகிறது, அதன் மேலுள்ள ஈரக் காற்று சூடாகி மேலே எழுகிறது. எழ எழக் குளிர்கிறது. இதைக் கெந்திங் மலை போய்வந்த எந்தப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம். கீழே 32 பாகை என்றால் 1,800 மீட்டர் உயரத்தில் 20ஐ ஒட்டி வந்துவிடுகிறது, சட்டைக்கு மேல் சட்டை தேடுகிறோம். அதே கணக்கில் இன்னும் ஏறினால் சுமார் 5 கிலோமீட்டரில் தண்ணீர் உறையும் குளிர். செந்தூலுக்கு நேர் மேலே பனிக்கட்டி இருக்கிறது என்று சொல்லுங்கள், கண் விரியும். இடிமேகம் அதையும் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் வளர்கிறது. உள்ளே பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் உரசி மின்னேற்றம் பிரிகிறது. போதுமான அளவு சேர்ந்ததும் மின்னலாகப் பாய்கிறது. அந்தப் பாதையிலுள்ள காற்று ஒரு கணத்தில் 30,000 பாகை செல்சியஸ் வரை, சூரியனின் மேற்பரப்பைவிட ஐந்து மடங்கு, சூடாகி வெடித்து விரியும் சத்தம்தான் இடி. மேகம் மோதுவதில் வரும் சத்தமில்லை அது. மின்னல் சில கிலோமீட்டர் நீளமானது. அருகிலுள்ள பகுதியின் ஒலி முதலிலும் தூரப் பகுதியின் ஒலி பிறகும் வருவதால் ‘டமார்’ என்று முடியாமல் உருண்டுகொண்டே போகிறது.

‘பத்துமலைக் குகையை யாரு தோண்டுனா?’ என்பதற்கு ஒரு வார்த்தையில் ‘மழை’ என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குக் கூட்டிப்போங்கள். அந்த மலை சுண்ணாம்புக்கல், வயது சுமார் 40 கோடி ஆண்டு. கடலடியில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியது. 272 படி ஏறி நாம் நிற்கும் இடம் ஒருகாலத்தில் கடலின் தரை. கெராங் சிப்பி ஓடு ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் போட்டு மூழ்கும்வரை வெள்ளைக் காடி (வினிகர்) ஊற்றுங்கள். ஓட்டின் மேல் குமிழ் குமிழாக வரும், அது கரியமில வாயு. கல் கரைகிறது என்பதைக் கண்ணால் பார்க்கிறாள். கெராங் ஓடு தடித்தது, முழுதும் கரையப் பல நாளும் பலமுறை புதிய காடியும் வேண்டும். சீக்கிரம் முடிவு தெரிய வேண்டுமென்றால் பச்சை முட்டையை ஊறவைக்கலாம். அதன் ஓடும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஒரு நாள் கழித்துக் காடியை மாற்றி இன்னொரு நாள் வைத்தால் ஓடே இல்லாமல் தோலோடு மட்டும் முட்டை நிற்கும்.

கவனிக்க வேண்டியவை சில. மூடியை இறுக மூடாதீர்கள், வாயு சேர்ந்து தெறிக்கும். குமிழ்கள் முட்டையை மிதக்கவிடும், ஒரு கரண்டியால் அமுக்கி வையுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பழுப்பு முட்டையென்றால் மேலே பழுப்பு நுரை கட்டும், அது ஓட்டின் நிறம். பச்சை முட்டையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஓட்டுக்குப் பதில் பள்ளிச் சாக்பீஸைப் போட்டுவிட்டு ‘ஒன்றுமே நடக்கல’ என்பவர்கள் உண்டு. இப்போது விற்கும் பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தால் ஆனவை, காடியில் நுரைக்காது.

மழைநீர் காடி அளவுக்குப் புளிப்பில்லை. காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக இலேசான அமிலமாகிறது, விரிசல்களில் இறங்கி மிக மெதுவாகக் கல்லைக் கரைக்கிறது. கரைத்த சுண்ணாம்பைக் குகைக் கூரையில் சொட்டுச் சொட்டாக விட்டுச் செல்வதால் தொங்கும் கற்கள் உண்டாகின்றன. அவை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் பொதுவாக வளரும். ‘என் விரல் நீளத்துக்கு எத்தனை வருசம்?’ என்று அவளே கணக்குப் போடட்டும்.

பல்லிக்குச் சுருக்கமான பதில்: பசையும் இல்லை, உறிஞ்சு குழியும் இல்லை. அதன் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் நெருங்கி நிற்கின்றன. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் இருக்கும், ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிரியும். அந்த நுனிகள் சுவரை அவ்வளவு நெருங்கித் தொடுவதால், எந்த இரண்டு பொருளுக்கும் இடையே இருக்கும் மிகச் சிறிய ஈர்ப்பு கூடிக்கூடி உடலைத் தாங்குகிறது. வான் டெர் வால்ஸ் விசை என்று பெயர், ஏழு வயதுக்குப் பெயர் வேண்டாம். இரவில் விளக்குப் பூச்சிக்காக ஜன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் வந்து நிற்கும் பல்லியை உள்ளிருந்து பார்க்கச் சொல்லுங்கள். காலை எடுக்கும் ஒவ்வொரு முறையும் விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி எடுக்கும். ஒட்டுவதைவிட ஒட்டியதை எடுப்பதில்தான் அதன் சாமர்த்தியம்.

பிறைநிலாவைப் பற்றி உங்கள் மகள் இன்னும் கேட்கவில்லை, கேட்பாள். அமாவாசை முடிந்து இரண்டு மூன்று நாளில் மேற்கே தெரியும் பிறை இங்கே படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். படப்புத்தகத்தில் நிமிர்ந்து நிற்கும். வடக்கு நாடுகளில் சூரியன் சாய்வாக மறைகிறது, இங்கே ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகிறது. பிறையின் வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் பக்கம், அதாவது நமக்கு அடிப்பக்கம். அவள் வரையும் நிலாவை யாராவது ‘தப்பு’ என்றால், தப்பில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு எண்கள் கொஞ்சம் மாறும். நிழல் மறையும் நாள் ஏப்ரல் 3ஐயும் செப்டம்பர் 9ஐயும் ஒட்டி வரும், நேரம் முறையே 1.22, 1.16. அங்கே கூடுதலாகக் கடல் ஏற்றத்தையும் அளக்கலாம். வெல்ட் கீ படகுத்துறை வீடுகளைத் தாங்கும் தூண்களில் சிப்பிகள் ஒட்டியிருக்கும் உயரத்தைப் பாருங்கள், தண்ணீர் வழக்கமாக எதுவரை ஏறும் என்பதை அதுவே காட்டும். ஏற்றம் நாளுக்கு இரண்டு முறை, சுமார் 12 மணி 25 நிமிட இடைவெளியில் வரும். அதனால் இன்று மாலை 5 மணிக்கு வந்த ஏற்றம் நாளை 5.50ஐ ஒட்டி வரும். நிலாவும் நாளுக்குச் சராசரியாக அதே 50 நிமிடம் பிந்தி உதிப்பதை அவள் கவனித்துவிட்டால், காரணம் நிலாதான் என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. பௌர்ணமி, அமாவாசைக்கு ஓரிரு நாள் கழித்து ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டியே வருவதால், ரதம் பார்த்த கையோடு மறுநாளோ அதற்கடுத்த நாளோ கடற்கரைக்கும் ஒரு நடை போய்த் தூணில் தண்ணீர் தொட்ட இடத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வரலாம். ஒரு வாரம் கழித்து அரைநிலா நாளில் போனால் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதையும் அளந்துவிடலாம். சாக்பீஸ் நனைந்து அழிந்துவிடும் என்பதால் கோட்டின் உயரத்தை அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.